மறு: மறு: ஆறு அரசுக்குச் சொந்தமில்லை, இதற்கு என்ன சொல்?

திருப்பூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். சட்ட மாணவர்களுக்கான இயற்கை வளச் சட்டப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆறு, காடு, கடற்கரையெல்லாம் மக்களுக்காக அரசு காத்து வைத்திருப்பவை. நினைத்தவருக்குத் தாரைவார்க்க அதற்கு உரிமையில்லை என்கிற 'பப்ளிக் டிரஸ்ட்' கோட்பாட்டுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்குக் கொடுத்த வனநிலக் குத்தகையை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ரத்து செய்தது இதை வைத்துத்தான். பப்ளிக் டிரஸ்ட் என்பதைப் பழைய பிரதியில் 'பொது நம்பிக்கை' என்று போட்டிருக்கிறார்கள். படித்தால் ஏதோ குறிசொல்கிற விஷயம் மாதிரி இருக்கிறது.

ஈரோடு, வக்கீல்:
'பொது அறங்காவல்' என்று போடுங்க அம்மணி. கோயில் சொத்து சாமிக்கு, சாவி அறங்காவலரிடம். விற்றால் வழக்கு. என் கட்சிக்காரர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

கோபி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நல்ல தமிழ்ச் சொல் இருக்க ஏன் அலைகிறீர்கள்? கையடை. தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைப்பதைக் கம்பர் கையடைப் படலம் என்றே வைத்தார். கொடுத்தவர் கேட்டால் குறையாமல் திரும்ப வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'அடை' என்ற வேரிலிருந்துதான் அடைக்கலமும். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் விட்டாரே, அது அடைக்கலக் காதை. ஒப்படை, அடைமானம்...

ஈரோடு, வக்கீல்:
அடைமானம் வரை போய்விட்டீர்கள், ஐயா. இனி ஆற்றை பேங்க்காரன் ஜப்தி செய்வான்.

காங்கயம், விவசாயி:
அறங்காவல் என்றால், அறங்காவலர் இல்லாத கோயிலுக்கு அரசு வைக்கிற தக்காரைப் போல நொய்யல் ஆற்றுக்கும் ஒருவரை நியமிப்பார்களா? அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்கென்று கட்டினார்கள், வந்து தேங்கியது சாயக்கழிவு. கீழே இருந்த கிணறெல்லாம் உப்புத் தட்டிப் போனது. கையடை என்று அங்கே சொன்னால் கைகலப்பு என்றுதான் காதில் விழும். 'பொதுப் பொறுப்பு' போதாதா?

ஈரோடு, வக்கீல்:
பொறுப்பு என்பது கடமை மட்டும். இங்கே சொத்தே அரசுடையதில்லை என்ற அர்த்தமும் வேண்டும். பழைய கொங்கு நாட்டுத் தலைவர் காலிங்கராயன் கதை உங்களுக்குத் தெரியாததா? தன் காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் வாய்க்கால் வெட்டினான் என்று ஊர் பேச, என் வம்சம் இந்தத் தண்ணீரைத் தொடாது என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போனாராம்.

கோபி:
அதற்குப் பெயர்தான் கையடை.

காங்கயம்:
அவர் வெட்டிக் கொடுத்தார், காக்கவில்லையே. இன்னொன்று கேட்கிறேன். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று அதே 1996இல் ஆகஸ்டில் வேலூர் தோல் ஆலை வழக்கில் வந்ததே, அதற்கு என்ன போட்டீர்கள்?

திருப்பூர்:
அதை நாளை கேட்கிறேன், இன்று ஒன்று முடியட்டும். சொத்து அரசுடையதில்லை என்ற அர்த்தமும் அறங்காவலில் வருகிறது. அதையே வைக்கிறேன். கையடை அடிக்குறிப்பில் வரும்.

கோபி:
சரி. என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். அடிக்குறிப்பில் 'பொதுக் கையடை' என்று ஒற்றோடு போடுங்கள். போன பாடத்தில் பாதி ஒற்றைத் தின்றுவிட்டார்கள்.