ஒற்றை வரி பேரியர் போதுமா, ரன் கியூ லாக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமா?

நெய்தல்_குமார்

லினக்ஸ் 4.8 வெளிவரும் தறுவாயில், 2016 செப்டம்பரில், பல்பீர் சிங்கின் பேட்ச் ஒன்று கர்னலுக்குள் போனது. எந்த டாஸ்க் எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரில், தூங்கும் டாஸ்க்கை எழுப்பும் ட்ரை_டு_வேக்_அப் ஃபங்ஷனில் அது சேர்த்த நிரல் ஒரே ஒரு வரி, ஒரு ரீடு பேரியர்: முந்தைய ரீடு முடிந்த பிறகே அடுத்த ரீடு நடக்க வேண்டும் என்ற கட்டளை. மற்றதெல்லாம் அதை விளக்கும் கமென்ட். இதை ஒட்டுவேலை என்றும், ரன் கியூ (ஒரு கோரில் ஓடக் காத்திருக்கும் டாஸ்க்குகளின் வரிசை) லாக்கையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்துக்கு அதைவிடச் சரியான திருத்தம் இல்லை என்பது என் கட்சி.

முதலில் பிரச்சினை. மூன்று கோர்கள். முதல் கோரில் ஒரு டாஸ்க் ரீட்-ரைட் செமஃபோர் என்ற ஒரு வகை லாக்குக்காகத் தூங்குகிறது. இரண்டாம் கோர் அதை எழுப்புகிறது. தானே போய் முதல் கோரின் ரன் கியூவில் கை வைக்காமல், பட்டியலில் போட்டுவிட்டு இன்டரப்ட் மட்டும் அனுப்புகிறது. முதல் கோர் தன் ரன் கியூ லாக்கை எடுத்து, டாஸ்க்கின் ஆன்_ஆர்க்யூ-வை (ரன் கியூவில் இருக்கிறது என்ற குறி) 1 ஆக்குகிறது. டாஸ்க் ஓடத் தொடங்குகிறது. ஓடியதும் தன் ஸ்டேட்டை மறுபடி 'தூக்கம்' என்று எழுதிவிட்டு நிபந்தனையைப் பார்க்கிறது. செமஃபோர் காலியாகத் தெரிகிறது. உடனே அதன் வெயிட்_லாக்கை, அதாவது காத்திருப்போர் பட்டியலைக் காக்கும் லாக்கை, கேட்டுச் சுழல்கிறது.

அந்த வெயிட்_லாக்கை அப்போது வைத்திருப்பது மூன்றாம் கோர். காத்திருப்போர் பட்டியலில் இந்த டாஸ்க் இன்னும் இருப்பதால் அதுவும் எழுப்ப வருகிறது. ஸ்டேட்டைப் படிக்கிறது: தூக்கம், புது மதிப்பு. ஆன்_ஆர்க்யூ-வைப் படிக்கிறது: 0, பழைய மதிப்பு. சரி, டாஸ்க் இப்போதுதான் கோரைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது போல என்று முடிவுகட்டி, ஆன்_சிபியூ (கோரில் ஓடுகிறது என்ற குறி) 0 ஆகும்வரை சுழல்கிறது. அது ஆகவே ஆகாது. அந்த டாஸ்க் கோரில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மூன்றாம் கோர் விடாத லாக்குக்காக. கொஞ்ச நேரத்தில் அந்த லாக்கைத் தேடி வரும் ஒவ்வொரு கோரும் மாட்டிக்கொள்ள, மொத்த மெஷினும் நின்றுவிடும்.

இரண்டு ரீடுக்கும் நடுவில் ஒரு பேரியர் வைத்தால், புது ஸ்டேட்டைப் பார்த்தவர் பழைய ஆன்_ஆர்க்யூ-வைப் பார்க்க முடியாது. பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

பூட்டு_மணி

குமார் சார், பிரச்சினையை நல்லா சொன்னீங்க. ஆனா தீர்வுல உடன்பாடு இல்லை. ஆன்_ஆர்க்யூ-வை எழுதுறது ரன் கியூ லாக்குக்குக் கீழே. நீங்க படிக்கிறது பிஐ_லாக்குக்குக் கீழே, அது டாஸ்க்கோட சொந்த லாக். எழுதுறவர் ஒரு லாக், படிக்கிறவர் வேற லாக். இதுதான் நோய். பேரியர் வைக்கிறது நோயோட ஒரு அறிகுறியை அடக்குறது.

சரித்திரத்தையும் பாருங்க. 2015-ல இதே ஃபங்ஷன்ல கர்னல் டெவலப்பர் ஓலெக் நெஸ்டெரோவ் கண்ணுல ஒண்ணு பட்டுச்சு: ஆன்_சிபியூ-வைத் தப்பா 0-ன்னு படிச்சு, ஒரே டாஸ்க் ஒரு கணம் ரெண்டு கோர்ல ஓடிடும். அப்பவும் ஒரு ரீடு பேரியர். 2016-ல நீங்க சொன்னது. 2020-ல கர்னலோட ஆர்சியூ பகுதியைக் கசக்கிப் பார்க்கிற டார்ச்சர் டெஸ்ட்ல நல் பாயின்டர் கிராஷ், அதே ஃபங்ஷன், அதே ஆன்_சிபியூ, திருத்தம் அக்வயர் லோடு, அதாவது பின்னால வர்றது எதையும் முன்னாடி போக விடாத ரீடு. ஒழுகுற கூரையில மூணு தடவை ஓலை செருகியாச்சு. கூரையை மாத்துங்கன்னு சொல்றது தப்பா?

கோர்_எட்டு

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். ஸ்டேட்டைச் சோதிக்கும் இடத்தில் 'இஃப்' இருக்கிறதே? அதைப் பார்த்து முடிவெடுத்த பிறகுதானே ஆன்_ஆர்க்யூ-வைப் படிக்கும்? நான் வேலை செய்வதெல்லாம் எக்ஸ்86-இல். இப்படி ஒரு ஹேங் அங்கே பார்த்ததே இல்லை.

நெய்தல்_குமார்

கோர்_எட்டு, பலர் தடுக்கி விழும் இடம் இது. நிபந்தனைக்குப் பின் வரும் ரைட்டை 'இஃப்' தடுத்து வைக்கும், ரீடைத் தடுக்காது. ப்ராசஸர் கிளை எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து, அடுத்த ரீடை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்86 இரண்டு ரீடுகளின் வரிசையை வெளியே தெரியும்படி மாற்றாது. அதனால் அங்கே இந்த பேரியர் கம்பைலருக்கு மட்டும் கட்டுப்பாடு, தனி இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது. ஐபிஎம்-இன் பவர் ப்ராசஸரில் அந்த உத்தரவாதம் இல்லை. இந்த பக் வெளிப்பட்டதும் பவரில்தான்.

மணி, 'நோய்' என்கிறீர்கள். 2011-க்கு முன் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு டாஸ்க்கை எழுப்ப ரன் கியூ லாக்கை இரண்டு முறை எடுத்தார்கள்: டாஸ்க் பழைய கோரில் இருந்த கியூவுக்கு ஒன்று, போகப்போகும் கோரின் கியூவுக்கு ஒன்று. கர்னல் டெவலப்பர் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா முதல் லாக்கை லினக்ஸ் 3.0-இல் நீக்கியது சும்மா இல்லை. நெட்வொர்க் பாக்கெட், ஃப்யூடெக்ஸ் (நிரல்களின் லாக்குகளுக்கான கர்னல் வசதி), டைமர், எல்லாம் எழுப்புதலில்தான் வந்து முடிகின்றன. ஒவ்வொன்றுக்கும் இன்னொரு கோரின் லாக் இருக்கும் கேஷ் லைனை இழுத்து வந்தால், கோர் கூடக் கூட மெஷின் மெதுவாகும்.

அந்த லாக்கைத் திரும்ப வைப்பதும் ஒரு வரி வேலை இல்லை. எந்த ரன் கியூ என்பதை டாஸ்க்தான் சொல்ல வேண்டும். நீங்கள் லாக் எடுப்பதற்குள் அது வேறு கோருக்கு மாறியிருக்கலாம். எடுத்து, சரிபார்த்து, இல்லையென்றால் விட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். அந்தச் சுழலுக்குள்ளும் வரிசை பற்றிய கேள்விகள் உண்டு.

மேகலை_டெஸ்ட்

நான் சோதனைப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இந்த பக் எப்படிப் பிடிபட்டது என்று கமிட் குறிப்பிலேயே இருக்கிறது: 80 த்ரெட் உள்ள மெஷின், மெமரியை மிகக் குறைவாக வைத்து, ஸ்ட்ரெஸ்-என்ஜி கருவியின் எம்மேப்-ஃபோர்க் சோதனையை நீண்ட நேரம் ஓட்டினால்தான் வரும். அதுவும் இன்னொரு கோர் வழியாக எழுப்பும் பாதையில் மட்டும்.

இப்படிப்பட்ட பக்கில் 'பேட்ச் போட்டேன், இரவு முழுக்க ஓடியது, ஹேங் வரவில்லை' என்பது ஆதாரமே இல்லை. நடுவில் ஒரு பிரிண்ட் வைத்தாலே டைமிங் மாறி பக் ஒளிந்துகொள்ளும். ஆகவே என் கேள்வி இருவருக்கும்: லாக்கோ பேரியரோ, சரி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பூட்டு_மணி

மேகலை, என் வாதத்துக்கே நீங்க பலம் சேர்க்கறீங்க. லாக்குன்னா அதுக்குள்ள இருக்கிற எல்லாம் ஒரே வரிசைன்னு படிக்கிறவன் ஒரு பார்வையில சொல்லிடலாம். பேரியர்னா அதோட ஜோடி எங்க இருக்குன்னு தேடணும். இந்த பேட்ச்ல படிக்கிற பக்கம் ரீடு பேரியர் இருக்கு. எழுதுற பக்கம் ரைட் பேரியர் எங்க? டாஸ்க் தன் ஸ்டேட்டை எழுதுற மேக்ரோவுல முழு பேரியர் இருக்குன்னு சொல்லாதீங்க. அது ஸ்டேட்டை எழுதினதுக்குப் பிறகு வருது. ஆன்_ஆர்க்யூ அதுக்கு முன்னாடியே எழுதியாச்சு. ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?

நெய்தல்_குமார்

இந்த இழையில் வந்த மிக நல்ல கேள்வி இது. நடுவில் இருப்பது நீங்கள் கேட்கும் ரன் கியூ லாக்கேதான். ஆன்_ஆர்க்யூ-வை 1 ஆக்கிவிட்டு அந்த லாக்கை விடுகிறார்கள். பிறகு அந்த டாஸ்க்கை ஓடவைக்க ஷெட்யூல் ஃபங்ஷன் அதே லாக்கை மறுபடி எடுக்கிறது. அதற்கும் பின்னால்தான் டாஸ்க் தன் ஸ்டேட்டை எழுதுகிறது. லாக்கை விட்டதும் எடுத்ததும் சேர்ந்ததுதான் எழுதும் பக்கத்து ஜோடி. பேட்ச்சின் கமென்ட்டில் இதைப் படமாகவே வரைந்திருக்கிறார்கள். டாஸ்க் மாற்றும் ஸ்விட்ச்_டு-வில் முழு பேரியர் இருக்கும் என்று நம்பக்கூடாது, பல ஆர்க்கிடெக்சர்களில் அது இல்லை என்றும் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பூட்டு_மணி

ஆனா மூணாம் கோர் அந்த லாக்கைத் தொடவே இல்லையே. லாக்கை வச்சிருக்கிறவங்களுக்குத்தான் லாக்கோட வரிசை உத்தரவாதம். வெளியே நின்னு பார்க்கிறவருக்கு யார் உத்தரவாதம் குடுத்தது?

மேகலை_டெஸ்ட்

இதற்குப் பதில் உண்டு, இரண்டு தளத்தில். பவர் ப்ராசஸரில் ஸ்பின்லாக்கை விடும்போது எல்டபிள்யூசிங்க் இன்ஸ்ட்ரக்ஷன் ஓடுகிறது. அதற்கு முந்தைய ரைட்டுகள் எல்லாம் பிந்தைய ரைட்டுகளுக்கு முன்பே மற்ற கோர்களுக்குத் தெரியும், அவை லாக் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும். இது வன்பொருள் தளம்.

கர்னல் தளத்தில் 2016-இல் இது எழுத்தில் இல்லாத வழக்கமாக இருந்தது. அந்த அளவுக்கு மணி சொல்வது நியாயம். ரீடு, ரைட் வரிசை விதிகளை முறையாக எழுதிவைத்த கர்னலின் மெமரி மாடல் 2018-இல் லினக்ஸ் 4.17-உடன் மூல மரத்துக்குள் வந்தது. ஒரே கோரில் லாக்கை விட்டு அதே லாக்கை எடுத்தால், முன்னும் பின்னும் உள்ள ரைட்டுகள் லாக் இல்லாத வெளியாளுக்கும் வரிசையாகவே தெரிய வேண்டும் என்ற விதி அதன் பிறகு அந்த மாடலில் சேர்ந்தது. இப்போது நாம் பேசும் காட்சியை ஒரு லிட்மஸ் டெஸ்ட்டாக, அதாவது ஒரு சின்ன மாதிரி நிரலாக, எழுதி ஹெர்ட் கருவியில் கொடுக்கலாம். நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் அது அலசிப் பார்க்கும். நீண்ட நேர ஸ்ட்ரெஸ் ஓட்டத்தைவிட இதைத்தான் நான் ஆதாரமாக ஏற்பேன்.

கோர்_எட்டு

அப்படியானால் 2020-இல் வந்தது ஏன் தப்பியது? மாடல் அப்போது இருந்ததே.

பூட்டு_மணி

மாடல் இருந்துச்சு, ஆனா ட்ரை_டு_வேக்_அப்-ஐ மாத்துற ஒவ்வொரு பேட்ச்சையும் அதுல போட்டுப் பார்க்கணும்னு கட்டாயம் இல்லை. ஆன்_சிபியூ-வுக்காகக் காத்திருக்கிற நேரத்தை மிச்சப்படுத்த ஒரு ஆப்டிமைசேஷன் வந்துச்சு, அதுல ஒரு ரீடோட வரிசை நழுவிடுச்சு. லாக்கோட விலை பத்தி குமார் சார் சொன்னதை நான் மறுக்கலை. ஆனா லாக் இல்லாம படிக்கிற ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மூல மரத்துலயே ஒரு லிட்மஸ் டெஸ்ட் கூட இருக்கணும். அது இல்லாத பேட்ச்சை நான் ரிவ்யூவுல நிறுத்துவேன்.

நெய்தல்_குமார்

முழு ஃபங்ஷனும் மாடலுக்குள் அடங்காது, மணி. ஹெர்ட் கையாள்வது சின்னச் சின்னத் துண்டுகளை. எந்தத் துண்டை வெட்டி எடுப்பது என்று மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும், 2020-இல் தவறியதும் அப்படி ஒரு இடம்தான். ஆனால் இந்த மூன்று பக்குக்கும் தனித்தனித் துண்டு எழுதலாம். 2016-இன் துண்டை நான் எழுதுகிறேன், பேரியரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. மற்ற இரண்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.