பெட்டா மீனுக்கு எந்தத் தண்ணீர் ஏற்றது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். மகள் ஆசைப்பட்டதால் நீல நிற ஆண் பெட்டா ஒன்று வாங்கியிருக்கிறோம். 20 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மூடி எல்லாம் இருக்கின்றன. என் கவலை தண்ணீர்தான்.

எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். பெட்டாவோ தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் ஓடைகளிலும் வாழும் நன்னீர் மீன். காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கிறது. அதை ஒரு நாள் திறந்துவைத்தால் போதுமா, குளோரின் நீக்கும் மருந்து கட்டாயமா? கேன் தண்ணீரைக் கலக்கலாமா? தாதுக்களே இல்லாத நீரும் மீனுக்கு ஆகாது என்பதால் தயங்குகிறேன்.

24 முதல் 28 டிகிரி வெப்பம் அதற்கு ஏற்றது. சித்திரை வெயிலில் இங்கே நீர் அதைத் தாண்டிவிடும். பனிக்கட்டி போட்டால் வெப்பம் சட்டென்று மாறும்; பாவம், அதைச் செய்ய மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

வாசலில் நாட்டு வாதாம் மரம் நிற்கிறது. உதிர்ந்த காய்ந்த இலை பெட்டாவுக்கு நல்லது என்கிறார்கள். கடற்காற்றில் உப்புப் படிந்த இலையை எப்படிச் சுத்தம் செய்வது?

நேற்று முதல் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கிறது. காற்றை விழுங்க மட்டும் மேலே வருகிறது. கீழக்கரை, பாம்பன், தொண்டிப் பக்கம் பெட்டா வளர்ப்பவர்கள் எந்த நீரைப் பயன்படுத்துகிறீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.