கடுந்தொற்றா, இளந்தொற்றா?

வணக்கம்.

எச்.ஐ.வி. துண்டறிக்கைக்கான சொற்பட்டியலில், தொற்று வந்த முதல் சில வாரங்களைக் குறிக்கும் 'அக்யூட்' (acute) என்பதற்குக் 'கடுந்தொற்று' என்று வைக்கலாம் என ஐயா எழுதியிருந்தார். பழகிய சொல்தான். ஆனால் இந்த இடத்தில் அது படிப்பவரைத் தவறான பக்கம் கொண்டுபோகும் என்று அஞ்சுகிறேன்.

வைரஸ் நுழைந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, நெறிகட்டுதல் வரும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வந்தாலும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். 'கடுந்தொற்று' என்று படிக்கிறவர், "எனக்கு அப்படிக் கடுமையாக ஒன்றும் வரவில்லையே" என்று பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடலாம். ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருப்பதும், அடுத்தவருக்கு எளிதில் தொற்றுவதும் அந்த வாரங்களில்தான். வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் உருவாகி முடியாததால், அதை மட்டும் தேடும் பரிசோதனையில் 'இல்லை' என்றுகூட வரலாம்.

'குறுங்காலத் தொற்று' வேண்டவே வேண்டாம். கொஞ்ச நாளில் போய்விடும் என்று பொருள்பட்டுவிடும். எச்.ஐ.வி. அப்படிப் போகாது.

அப்புறம், பட்டியலில் உள்ள 'ஆரம்பகால எச்.ஐ.வி. சிகிச்சை'. இதில் ஆரம்பம் எது? தொற்றா, சிகிச்சையா, அல்லது 1987இல் ஏ.இசட்.டி. என்ற ஒரே மருந்து வந்த காலமா? மூன்று விதமாகவும் படிக்கலாம். 2015இல் முடிவு வெளியான 'ஸ்டார்ட்' ஆய்வைப் பாருங்கள். 35 நாடுகளில் 4,685 பேர். சி.டி.4 எண்ணிக்கை (ரத்தத்தில் உள்ள ஒருவகை நோயெதிர்ப்பு அணுக்களின் அளவு) 500க்கு மேல் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியவர்களுக்கு, 350க்கு இறங்கும்வரை காத்திருந்தவர்களைவிடப் பெருநோயும் இறப்பும் 57 விழுக்காடு குறைவு. அவர்களில் சிலருக்குத் தொற்று வந்து பல ஆண்டுகள்கூட ஆகியிருக்கலாம், முந்தியது சிகிச்சைதான். அதை 'முன்தொடக்கச் சிகிச்சை' என்போம். தொற்று வந்த சில வாரங்களிலேயே மருந்து கொடுப்பது வேறு. அதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

நான் முன்வைப்பது 'இளந்தொற்று'. இளங்காலை, இளவேனில், இளந்தளிர் என்று சொல்கிறோம் அல்லவா? தொடங்கி அதிக நாள் ஆகாத நிலை என்பது கேட்டவுடனே புரியும். தொற்றிய ஆறு மாதம்வரை இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

முதலில் எனக்கும் 'முளைத்தொற்று' பிடித்திருந்தது. முளையிலேயே கிள்ளிவிடலாம் என்ற நம்பிக்கையை அது தருமே என்று நினைத்தேன். அந்த நம்பிக்கைதான் சிக்கல். தாய்லாந்தில் எட்டுப் பேருக்கு, எதிர்ப்பொருள் தோன்றுவதற்கு முன்பே கண்டுபிடித்து மருந்து தொடங்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து, மருத்துவக் கண்காணிப்பில் அதை நிறுத்திப் பார்த்தபோது எட்டுப் பேருக்கும் வைரஸ் திரும்பியது. நிறுத்தியதிலிருந்து வைரஸ் திரும்ப எடுத்த காலத்தின் நடுமதிப்பு 26 நாள். அவ்வளவு சீக்கிரம் பிடித்தும், செல்களுக்குள் பதுங்கிய வைரஸ் மிச்சம் இருந்திருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால் அந்தப் பதுங்கல் சிறிதாகிறது, நோயெதிர்ப்பு ஆற்றல் காக்கப்படுகிறது, பரவுவதும் நிற்கிறது. இவ்வளவும் பெரிய நன்மைதான். ஆனால் கிள்ளி எறிந்துவிட்டோம் என்று நினைத்து ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், அதற்கு நம் சொல்லும் ஒரு காரணமாகிவிடக் கூடாது.

'இளந்தொற்று' என்றால் இளைஞர்களுக்கு வரும் தொற்று என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்கலாம். சரியான கேள்வி. இளைஞர்களுக்கு வருவதை 'இளையோரிடையே தொற்று' என்று விரித்தே எழுதிவிடலாம். 'புதுத்தொற்று' எளிமையானதுதான், ஆனால் ஆண்டுக்கு எத்தனை புதிய தொற்றுகள் என்ற கணக்கோடு குழம்பும்.

மருந்துக்குப் புதுப்பெயர் தேட வேண்டாம். எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துகளைச் சிகிச்சை மையங்களில் 'ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து' என்றுதான் சொல்கிறார்கள், அதுவே இருக்கட்டும்.

துண்டறிக்கையில் இப்படி வரும்: "இளந்தொற்று நிலையிலேயே ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தைத் தொடங்குங்கள். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்." வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.