பல்கலைக்கழக ஃபுட்பால் மைதானத்தில் கேலரியைப் பெரிதாக்கணுமா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக ஃபுட்பால் மைதானத்தில் கேலரியை நீட்டப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஃபைனல் அன்று மதில் மேல் ஏறிப் பார்க்கிறார்கள், சரி. மற்ற நாளில் பாதி காலி. இது தேவையா?

பதில் 1: தேவையே இல்லை. சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 40,000 பேர் உட்காரலாம், ‘சென்னையின் எஃப்சி’ அணி 2015லும் 2018லும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை ஜெயித்த பிறகும் எல்லா ஆட்டத்துக்கும் அது நிரம்பியதில்லை.

பதில் 2: நிழல்தான் முக்கியம். நாலு மணி ஆட்டத்துக்கு சிமென்ட் படியில் பேப்பர் விரித்துத்தான் உட்கார முடிகிறது. முதலில் கூரை, குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை. அப்புறம் கூட்டம் தானாக வரும்.

பதில் 3: வடிகாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐப்பசி மழையில் கோல் போஸ்ட் பக்கம் குளமாகிவிடுகிறது. மீதிப் பணத்தில் கோச் போட்டு, வடசென்னை வியாசர்பாடிப் பசங்களுக்கும் காலையில் மைதானத்தைத் திறந்துவிடுங்கள்.