பக் அவுட் பேக்: தமிழில் என்ன சொல்லலாம்?

பேரிடர் ஆயத்தத்துக்காக நண்பர் ஒருவர் இரண்டு பக்கப் பட்டியல் கொடுத்தார். முழுக்க ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் புரிய வேண்டும் என்று இரண்டு வாரமாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாதி தாண்டிவிட்டேன். இ.டி.சி. என்றால் தினமும் கூடவே வைத்திருக்கும் பொருட்கள். எஃப்.ஐ.எஃப்.ஓ. என்றால் முதலில் வாங்கியதை முதலில் தீர்ப்பது. ஒய்.ஓ.ஒய்.ஓ. என்றால் 'உன் பாடு உனக்கு', அதற்குத் தமிழே பொருத்தம். ஜி.எச்.பி.யை இணையத்தில் தேடினால் ஏதோ போதைப்பொருள் வருகிறது! கடைசியில் பார்த்தால், வெளியே மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும் பை, அவ்வளவுதான்.

மாட்டிக்கொண்டது பி.ஓ.பி.யில், அதாவது 'பக் அவுட் பேக்'கில். அவசரமாக வீட்டைவிட்டுக் கிளம்ப, பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு வேண்டியதை அடைத்து வைக்கும் பை. 'தப்பியோடும் பை' என்று எழுதினேன், திருடன் மூட்டை போல இருக்கிறது. 'வெளியேற்றப் பை' மருத்துவமனைச் சாமான் மாதிரி ஒலிக்கிறது. 'அவசரப் பை' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஜி.எச்.பி.யும் அவசரப் பைதானே? திரும்பி வரவே போவதில்லை என்று எடுத்துப்போகும் ஐ.என்.சி.எச். பையோடும் குழம்பக் கூடாது. மொழிபெயர்ப்புச் செயலி 'பூச்சி வெளியே பை' என்றது. அதை விடுங்கள்.

பையின் மேல் ஒட்டப் போவதால் இரண்டு சொல்லுக்குள் இருக்க வேண்டும். மற்ற இரண்டோடும் குழம்பாமல், பார்த்ததும் புரிகிற மாதிரி பி.ஓ.பி.க்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?