கை தூக்கினால் அது ஓட்டா?

கடலோடி:
'பிலிப்பைன்ஸ் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் மார்கோஸை வைத்துக்கொண்டார்கள்' என்று நேற்று பழையவாசகன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. எது ஓட்டு? அந்நாட்டின் 1935 அரசியல் சட்டப்படி தொடர்ந்து 8 ஆண்டுக்கு மேல் அதிபராக இருக்க முடியாது. அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் 1973 கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியவர். 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் போட்டார், எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோவைச் சிறையில் அடைத்தார், பத்திரிகைகளை மூடினார். அப்புறம் 1973 ஜனவரியில் ஊர் ஊராகக் கூட்டம் கூட்டி, அவர் பதவியில் தொடர வழிவிடும் புதிய அரசியல் சட்டத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். அது ஓட்டா?

பழையவாசகன்:
ஆதரவு 1 கோடியே 49 லட்சம். எதிர்ப்பு 8 லட்சம்கூட இல்லை. நம் கிராம சபையில் கை தூக்குவதில்லையா? பிடிக்காத முடிவு வந்தால் செல்லாது என்பீர்கள். லீ குவான் யூ பற்றிய விவாத இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கடலோடி:
அந்த இழையில் பாதியில் காணாமல் போனது நீங்கள். கிராம சபையில் கை தூக்காதவனை ராணுவம் பிடித்துக்கொண்டு போகுமா? 15 வயதுப் பிள்ளைகளையும் எண்ணிக்கையில் சேர்த்தார்கள். கை தூக்கினால் ஓட்டில்லை.

மலைக்காரன்:
ஓட்டை விடுங்கள். லெய்ட்டே, சமார் தீவுகளை இணைக்கும் சான் ஹுவானிக்கோ பாலம் யார் கட்டியது?

நெய்தல்:
ஜப்பான் கடனில் கட்டியது. 1986இல் மார்கோஸ் நாட்டை விட்டு ஓடும்போது நாட்டின் வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 2,600 கோடி டாலர். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மலைக்காரன்:
கடன் வாங்காத நாடு எது? உங்களுக்குக் குறை சொல்ல மட்டும்தான் தெரியும்.

கடலோடி:
பாலத்தைப் பேசி திசைதிருப்பாதீர்கள். நான் கேட்டது ஓட்டைப் பற்றி. ரகசிய வாக்குச் சீட்டு இல்லை. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலேயே 10 நீதிபதிகளில் 6 பேர், அந்தப் புதிய அரசியல் சட்டம் முறைப்படி ஏற்கப்படவில்லை என்றார்கள்.

பழையவாசகன்:
அதே நீதிமன்றம் 1973 மார்ச் 31 அன்று அதை எதிர்த்த வழக்கைத் தள்ளுபடி செய்ததை ஏன் மறைக்கிறீர்கள்?

கடலோடி:
மறைக்கவில்லை. தவறு என்று சொன்ன நீதிபதிகளிலேயே இருவர் தடுக்கத் துணியவில்லை, அதுதான் கொடுமை! நாடாளுமன்றம் பூட்டு, பத்திரிகை பூட்டு, நீதிமன்றமும் ஒதுங்கிக்கொண்டது. இதற்கெல்லாம் அச்சாணி அந்தக் கைதூக்கல். அதை ஓட்டு என்று எழுதியதைத் திரும்பப் பெறுங்கள்.

பழையவாசகன்:
பெற மாட்டேன். 1 கோடியே 49 லட்சம் பேர்.

நெய்தல்:
இன்னும் அதே எண்ணா? எண்ணியது யார் ஆட்கள்?

பழையவாசகன்:
உங்களிடம் பேசவில்லை.

கடலோடி:
என்னிடம் பேசுங்கள். கை தூக்கினால் அது ஓட்டா?