சொந்தமாகக் கட்டிய குவாட்காப்டர்: இன்னும் உறுத்தும் ஒரு பறப்பு

சுழலி:
450 மி.மீ. ஃபிரேம், 10 அங்குல புரொபெல்லர், 3எஸ் லிப்போ (மூன்று செல் பேட்டரி), ஆர்டுபைலட் என்ற மென்பொருள் ஓடும் கன்ட்ரோலர். இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் பழக்கமான கூட்டணிதான். பொசிஷன் ஹோல்டுக்கு (ஒரே இடத்தில் தானாக நிற்கும் முறைக்கு) மாற்றியதும் குவாட், அதாவது இந்த நான்கு புரொபெல்லர் டிரோன், ஆணி அடித்தாற்போல் அந்தரத்தில் நின்றது. சில நொடிகள் கழித்து, நான் ரிமோட்டின் குச்சியைத் தொடாமலே அதன் முன்பக்கம் மெல்லத் திரும்பியது. பிறகு முழ அகலத்துக்கு வட்டமிடத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று வேகமும் அகலமும் கூடி, நான் ஸ்டெபிலைஸுக்கு (சமநிலையை மட்டும் காக்கும் முறைக்கு) மாற்றிய வேளையில் ஒருக்களித்தபடி வேலியை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. மாற்றிய கணமே அடங்கிவிட்டது.

த்ராட்டில் (மோட்டார்களுக்குக் கொடுக்கும் வேகம்) ஏற ஏற, காம்பஸ் காட்டும் திசையும் விலகியிருப்பது பறப்பின் பதிவான லாக்கில் தெரிந்தது. ஃபிரேமோடு வந்த தட்டில் காம்பஸுக்கு நேர் கீழேதான் பேட்டரி வயர் போகிறது. அதில் ஓடும் கரண்ட்டின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தோடு கலந்துவிடுகிறது. வடக்கைத் தவறாகப் புரிந்துகொண்ட கன்ட்ரோலர், இடத்தைச் சரிசெய்யத் தள்ளும்போதெல்லாம் கோணலாகவே தள்ளும். அந்தக் கோணல்தான் வட்டமாகிறது. ஆனால் கோளாறு தொடக்கத்திலிருந்தே இருந்ததென்றால், முதல் சில நொடிகள் மட்டும் எப்படி அசையாமல் நின்றது?

தட்டாம்பூச்சி:
காம்பஸைக் குறை சொல்லும் முன் அதிர்வைப் பார்க்க வேண்டும் என்பேன். என் குவாட் ஆல்டிடியூட் ஹோல்டில் (உயரத்தைத் தானாகத் தக்கவைக்கும் முறையில்), த்ராட்டில் குச்சி நடுவில் இருக்கும்போதே மேலே ஏறிக்கொண்டே போனது. குச்சியை அடிவரை இழுத்தும் அது இறங்க மறுத்த அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு புரொபெல்லரின் நுனி லேசாகச் சிதைந்திருந்தது. அதில் கிளம்பிய அதிர்வு, முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரை ஏமாற்றி, குவாட் கீழே விழுவதாகக் கன்ட்ரோலரை நம்பவைத்துவிட்டது. அதிர்வு 30 மீ/வி²-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை என்றும், 60-ஐத் தாண்டினால் உயரத்தையோ இடத்தையோ தக்கவைப்பதில் அநேகமாகச் சிக்கல் வரும் என்றும் ஆர்டுபைலட் கையேடே சொல்கிறது. சுழலி தன் லாக்கிலுள்ள அதிர்வு வரைபடத்தை இங்கே இடவே இல்லை.

கரிநார்:
தட்டாம்பூச்சி சொல்வது அவருடைய குவாட்டுக்குப் பொருந்தும். தானாகத் திரும்பிய முன்பக்கத்தை அது விளக்கவில்லை. குறுகிய நேரத்துக்குக் கன்ட்ரோலர், திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோவைத்தான் நம்புகிறது; காம்பஸ் அந்தக் கணிப்பைச் சிறிது சிறிதாகவே தன் பக்கம் இழுக்கும். சுழலி பார்த்த அமைதி, அந்த இழுப்பு முற்றும்வரை கிடைத்த அவகாசம்.

என் அனுபவம் சிறியது. பீட்டாஃபிளைட் என்ற வேறொரு மென்பொருளிலிருந்து ஆர்டுபைலட்டுக்கு மாற்றிய குவாட், த்ராட்டிலைத் தொட்டதும் தரையிலேயே கவிழ்ந்து புல்லைச் செதுக்கியது. முன்வலது மோட்டாரின் எண் பீட்டாஃபிளைட்டில் 2, ஆர்டுபைலட்டில் 1. ஆகவே எந்த மாற்றத்துக்குப் பிறகும் புரொபெல்லர்களைக் கழற்றிவிட்டு மோட்டார்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பாருங்கள். மூலைவிட்டத்தில் எதிரெதிரே உள்ளவை ஒரே திசையிலும், அடுத்தடுத்தவை எதிர்த்திசையிலும் சுழல வேண்டும். பேட்டரியையும் கவனியுங்கள். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.5-ஐ நெருங்கும்போது இறக்கிவிடுவது நல்லது. நாள்கணக்கில் பறக்கவிடாமல் வைப்பதானால் 3.8 அளவில் வையுங்கள். முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் கிடக்கும் லிப்போ உப்பத் தொடங்கும், உப்பியதை மீண்டும் சார்ஜரில் போடுவது நெருப்போடு விளையாடுவதுதான்.

சுழலி:
பேட்டரியைப் பற்றி நான் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. தட்டாம்பூச்சிக்கு: அன்றைய அதிர்வு 15-ஐத் தாண்டவில்லை. காம்பஸைக் கம்பத்தில் உயர்த்தி, பேட்டரி வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, காம்பஸை மறுபடி அளவுத்திருத்தம் (கேலிப்ரேஷன்) செய்தேன். இப்போது த்ராட்டில் ஏறினாலும் திசைக்கோடு நேராகவே போகிறது.